இரண்டு விரல், நான்கு கதவு

யோகராஜுக்கு எங்கும் இருப்புக் கொள்ளவில்லை. மலையடிவாரத்துக் குரங்கணியில் சாரல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த அந்த ஆவணிக் காலையில், தேநீர்க்கடை பெஞ்சில் அமர்வதும், எழுந்து சாலைவரை நடப்பதும், கைபேசியைத் திறந்து இரண்டு படங்களை மாறி மாறிப் பார்ப்பதும், மீண்டும் வந்து அமர்வதுமாக இருந்தான். படங்கள் இரண்டும் கார்கள். ஒரே நிறுவனம், ஒரே எஞ்சின், மிதித்த மாத்திரத்தில் சீறிப் பாயும் ஒரே வேகம். ஆயினும் ஒன்று வெள்ளை நிறச் செடான்: நான்கு கதவு, பின்னால் மூவர் தாராளமாக அமரத்தக்க அகன்ற இருக்கை. மற்றொன்று கருநீலக் கூபே: கதவு இரண்டே, முகப்புக் கண்ணாடியின் உச்சியிலிருந்து வால்வரை ஒரே வளைவாகச் சரிந்திறங்கும் கூரை, அதன்கீழே பின்னிருக்கை என்று பெயருக்கு ஓர் இடுக்கு. மதுரையில், உயர்ரகக் கார்களைப் பழையதாக வாங்கி விற்கும் கடையொன்றில் இரண்டும் அருகருகே நின்றன. மறுநாள் மனைவி சூர்யகலாவோடு போய் ஒன்றை முடித்துவிடுவதாகச் சொல்லியிருந்தான்.

"அந்தப் போன இங்கிட்டுக் கொண்டா மாப்ளே" என்று பிடுங்கினான் பாண்டித்துரை. தோட்ட வேலையாட்களை மலைக்கு ஏற்றியிறக்கும் ஜீப் அவனுடையது. யோகராஜுக்குச் சிறுவயதுத் தோழன். நீல வண்டியின் படத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்தான்.

"என்னடா இது, காரா செருப்பா? பின்னால ஒரு ஆளு ஏறணும்னா முன்னால இருக்கவன் எந்திரிச்சு, சீட்ட மடக்கி, குனிஞ்சு கும்புட்டு வழி விடணும் போல?"

"ஆமா."

"எறங்கணும்னா?"

"அதுக்கும் அப்படித்தான்."

"அப்ப வாங்கிரு மாப்ளே. ஒருநா எனக்குக் குடு. என் மாமியாள பின்னால ஏத்தி விட்டுட்டு வந்துர்றேன்."

கடையிலிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யோகராஜும் சிரித்தான், ஆனால் கைபேசியைத் திரும்ப வாங்குவதற்குக் கை நீண்டுகொண்டே இருந்தது.

"வெளையாட்டு இல்லடா" என்றான் பாண்டித்துரை, குரலைத் தாழ்த்தி. "வெள்ளைய எடு. நாலு சனம் ஏறுறதுதான் வண்டி. நீலத்துக்குக் கதவு எம்புட்டு நீளம் பாரு. நம்ம பஜாருச் சந்துல தெறந்தா எதுத்த கடைக்காரன் மொழங்காலப் பேத்துரும். தங்கச்சி என்ன சொல்லுது?"

"அவ ஒண்ணுஞ் சொல்லல."

"ஒண்ணுஞ் சொல்லலையா? அப்ப வெள்ளைதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அவன் ஜீப்பை நோக்கி நடந்தான்.

யோகராஜின் வாழ்க்கை முழுவதும் வளைவுகளின்மேல் ஓடியது. இளமையில் லோடு ஜீப்பின் பின்கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு மலையேறியவன், மூட்டை சுமந்தவன், பின்பு தானே ஜீப் ஓட்டியவன், அதன்பின் சிறு தோட்டக்காரர்களின் ஏலக்காயை வியாபாரிகளுக்கு வாங்கிக்கொடுக்கும் தரகனானவன். தொழில் மாறியபோதும் உடம்பு மாறவில்லை. கொண்டையூசி வளைவில் வண்டி சாயும்போது வயிற்றுக்குள் எழும் அந்தச் சிலிர்ப்பை அவன் எதற்கும் விற்கமாட்டான். சென்ற ஆண்டு போடிமெட்டுச் சாலையில், மஞ்சு கலையாத காலைப்பொழுதில், இரண்டு கதவுக் காரொன்று அவனைக் கடந்து மேலேறியது. மத்தளத்தை உள்ளங்கையால் அமுக்கி வாசித்தாற்போல் அதன் ஒலி மலைமடிப்புகளில் பட்டுப் பட்டுத் திரும்பி வந்தது. காருக்குள் இருவர் மட்டுமே இருந்தனர். பின்னால் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்ற குறையும் இல்லை. அந்த வண்டி இருவருக்கென்றே பிறந்தது. அன்று பிடித்த தவிப்பு இன்றுவரை அவனை விடவில்லை.

ஆனால் அதை வாங்குவதென்றால், சொல்லக்கூடாத ஒன்றை மனைவியிடம் சொன்னதாகிவிடும்.

மணமான நாள்முதல் அவர்கள் பிள்ளைக்காகக் காத்திருந்தார்கள். பரமசிவன் மலைக்கோயிலின் படிகளும் மதுரை மருத்துவமனையின் படிகளும் அவர்கள் கால்களுக்குப் பழகிப்போயின. வீடு கட்டியபோது கூடத்தின் நடுவே தொட்டில் கட்டுவதற்கென்று ஓர் இரும்புக் கொக்கியை யோகராஜ் தானே நின்று பதிக்கச் செய்தான். இரண்டு ஆண்டுகளாக மருத்துவமனைக்குப் போவது நின்றிருந்தது. போகவேண்டாம் என்று இருவரில் எவரும் சொல்லவில்லை, போகவுமில்லை. கொக்கியில் சூர்யகலா ஒரு கொடிச்செடியைத் தொங்கவிட்டிருந்தாள். பார்க்கச் சகியாமல் மறைத்திருக்கிறாள் என்று யோகராஜ் எண்ணினான். எண்ணி, அதைப்பற்றி ஒரு சொல்லும் கேளாதிருந்தான். இப்போது பின்னிருக்கை இல்லாத காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினால், இனி ஒருவரும் வரப்போவதில்லை என்று ஊரறியப் பறையறைந்ததாகாதா? அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? அதனால்தான் பாண்டித்துரையின் தீர்ப்பு அவனுக்கு ஒருவகையில் ஆறுதலாகவும், மறுவகையில் தொண்டையில் சிக்கிய முள்ளாகவும் இருந்தது.

சாரல் விட்டதும் ஒரு தோட்டக்காரர் வந்தார். புதிதாக உலர்த்திய காயை யோகராஜின் உள்ளங்கையில் கொட்டினார். அவன் முகர்ந்தான், உரித்தான், கடித்தான். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்துத் தன் வலக்கையின்மேல் போட்டுக்கொண்டு நீட்டினான். அவர் துண்டுக்குள் கையை நுழைத்தார். ஏலக்காய் ஏல மையத்தில் விலைகள் திரையில் ஓடத்தொடங்கி நெடுங்காலமான பின்னும், யோகராஜும் அவன் வாடிக்கைக்காரர்களும் இந்தப் பழக்கத்தை விடவில்லை. பிடிக்கும் விரல்களின் எண்ணிக்கையே பேச்சு. சுற்றி நிற்பவர் எவருக்கும் தெரியாது. இதற்கென்று அவர்களுக்குள் ஓர் ஒழுங்கும் உண்டு. முதற்பிடி ஒருபோதும் மெய்யன்று. அது எதிராளியின் ஆழம் பார்ப்பது. அதற்கு மறுபிடி பிடிக்க வேண்டும். மறுபிடிக்குப் பின் ஒருவர் ஒன்றும் பிடியாமல் கையை உருவிக்கொண்டால், கடைசியாகச் சொன்ன எண்ணுக்கு இசைந்தார் என்பது பொருள். அதன்பிறகு பேச்சில்லை.

மணமான புதிதில் சூர்யகலா இதை வேடிக்கையாகக் கேட்டுக் கற்றுக்கொண்டாள். திருமண வீடுகளில் எப்போது புறப்படுவது, துணிக்கடையில் எந்தச் சேலை என்பதையெல்லாம், பிறர் அறியாமல், முந்தானைக்குள் விரல்பிடித்தே இருவரும் முடிவு செய்வார்கள். விரல்களால் பேசியபோது அவர்களுக்குள் சண்டை வந்ததே இல்லை.

மறுநாள் மதுரைக் கடையில், டை கட்டிய விற்பனை இளைஞன் அவர்களை வரவேற்றான். இரு வண்டிகளும் விளக்கொளியில் ஈரம்பட்டவைபோல் மின்னின. முதலில் வெள்ளையைச் சுற்றுச்சாலையில் ஓட்டினான் யோகராஜ். குறை சொல்வதற்கில்லை; பாய்ந்தது, நின்றது, திரும்பியது. பின்பு நீலத்தில் அமர்ந்தான். இருக்கை தாழ்ந்து அவனை உள்வாங்கிக்கொண்டது. சாலை கண்களுக்கு நேரே எழுந்து வந்தது. வண்டியும் தானும் வேறல்ல என்று தோன்றிய அந்தக் கணத்தில், பழக்கத்தால் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தான். ஆளெண்ணிப் பார்த்து வண்டியெடுக்கும் ஜீப் ஓட்டிகளின் பழக்கம் அது. ஜீப்பை விட்ட பின்னும் அவனை விடவில்லை. அங்கே எண்ணுவதற்கு இடமே இல்லை. கருந்தோல் போர்த்த ஓர் இடுக்கும் சரிந்த கண்ணாடியும்தான் தெரிந்தன. அவனுக்கு மூச்சு எளிதாக வந்தது. மறுகணமே, எளிதாக வந்ததற்காகத் தன்மீதே சினம் வந்தது.

திரும்பி வந்ததும் இளைஞன் வெள்ளை வண்டியின் பின்கதவைச் சூர்யகலாவுக்குத் திறந்துவிட்டான்.

"உக்காந்து பாருங்க மேடம். கால் நீட்டுற எடம் பாருங்க. குழந்தைங்க சீட்டு மாட்டுற கொக்கிகூட இதுலயே இருக்கு. பசங்க எத்தன பேரு மேடம்?"

யோகராஜ் சட்டென்று மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

"நாங்க ரெண்டு பேருதான்" என்றாள் சூர்யகலா.

அமைதியாகத்தான் சொன்னாள். அந்த அமைதியே அவனைக் கலக்கியது. இளைஞன் நாவைக் கடித்துக்கொண்டு, இரு வண்டிகளின் சாவிகளையும் கையில் குலுக்கினான்.

"செடான்னா வசதி சார். டிக்கி பெருசு, எல்லாரும் ஏறலாம். கூபேன்னா அது ஒரு ஆசை சார். ஆசைக்கு வசதி பாக்கக்கூடாது. சீக்கிரமா முடிவு பண்ணுங்க, ரெண்டுக்குமே ஆளு வர்றாங்க."

சூர்யகலா கணவனின் அருகே வந்து நின்றாள். முந்தானை மடிப்புக்குள் அவள் கை அவன் கையைத் தேடி வந்தது. அவனுடைய விரல்களில் இரண்டைப் பற்றி அழுத்தியது.

இரண்டு கதவு. முதற்பிடி, என்றது அவனுள் ஊறியிருந்த தொழில். ஆழம் பார்க்கிறாள். நீ கைவிட்டுவிட்டாயா என்று கேட்கிறாள். இதற்கு இசைந்தால் நாளையிலிருந்து நான் என்ன மனிதன்? நீல வண்டி அவனுடைய கடைக்கண்ணில் ஒளிர்ந்துகொண்டே இருந்தது. அதைப் பாராமல், அவள் விரல்களில் நான்கை ஒருசேரப் பற்றி உறுதியாக அழுத்தினான். கவலைப்படாதே, நான் இன்னும் காத்திருக்கிறேன் என்று அந்த அழுத்தம் சொல்லும் என நம்பினான்.

அவள் கை சற்றுநேரம் அசையாதிருந்தது. பின்பு மெல்ல உருவிக்கொண்டது.

இசைந்துவிட்டாள். பேச்சு முடிந்தது.

"வெள்ளைய எழுதிக்கிருங்க தம்பி" என்றான் யோகராஜ். பெருந்தியாகம் செய்தவனுக்கு வரவேண்டிய நிறைவு வரும் வரும் என்று காத்து நின்றான். வரவில்லை.

வீடு திரும்பும் வழியில், அவர்களுடைய பழைய காரில், உசிலம்பட்டி தாண்டும்வரை அவள் வெளியே பார்த்தபடியே வந்தாள். வானொலியைப் போட்டான், அணைத்தான். கண்ணாடியை இறக்கினான், ஏற்றினான். இளநீர் வேண்டுமா என்றான், தலையசைத்தாள். ஆண்டிபட்டிக் கணவாயில் சாலை வளையத் தொடங்கியதும், பின்னிருக்கை நிறைய அடுக்கியிருந்த ஏலக்காய் மாதிரிப் பைகள் சரிந்தன. யோகராஜ் திரும்பிப் பார்த்தான்.

"என்னத்தப் பாக்குறீங்க?"

"பை சரிஞ்சிருச்சு."

"சரியட்டும். எப்பப் பாத்தாலும் பின்னாலயே பாத்துக்கிட்டு. முன்னால லாரி வருது, அதப் பாருங்க."

லாரி கடந்தது. பொறுக்கமாட்டாமல் அவன் கேட்டான். "வெள்ளக் காரு ஒனக்குப் பிடிக்கலையா?"

"எனக்குப் பிடிச்சதக் கேட்டுத்தான் எடுத்தீங்களாக்கும்?"

"கையப் பிடிச்சுக் கேட்டேன்ல? நீதான கைய எடுத்துட்ட."

"நான் எத்தனையப் பிடிச்சேன்?"

"ரெண்டு."

"அப்பறம் என்னத்துக்கு நாலு?"

"மொதப் பிடியில யாரு நெசத்தச் சொல்லுவா? என்னைய ஆழம் பாக்குறேன்னு நெனச்சேன்."

சூர்யகலா முழுவதுமாக அவன் பக்கம் திரும்பினாள். "ஆழம் பாக்குறதுக்கு நான் என்ன ஏலக்கா யாவாரியா? ஒங்க பொண்டாட்டிங்க. ரெண்டுன்னு பிடிச்சா ரெண்டுதான்."

யோகராஜ் வண்டியை ஓரங்கட்டினான். புளியமரத்தடியில் எஞ்சின் நின்றதும் கணவாய்க் காற்றின் ஓசை மட்டுமே கேட்டது.

"ரெண்டுன்னா... அப்பறம் இனிமே யாரும் வரமாட்டாகன்னு ஆயிருமே, கலா."

"ஆமா."

அந்த ஒரு சொல்லை அவன் எதிர்பார்க்கவில்லை. அழுகையை எதிர்பார்த்தான், ஏசுவாள் என்று எதிர்பார்த்தான். வெயிலில் காய்ந்த துணியை மடித்து வைப்பதுபோல் அவள் அதைச் சொன்னாள்.

"நீ எப்ப நம்பிக்கைய விட்ட?"

"கொக்கியில செடியக் கட்டுனேன்ல, அன்னைக்கே."

"அது... கண்ணுல படக்கூடாதுன்னு மறைச்சு வச்சிருக்கேன்னுல்ல நெனச்சேன்?"

"மறைக்கணும்னா துணியப் போட்டு மூட மாட்டேனா? நல்ல கொக்கி, சும்மா கெடக்குதேன்னு செடியக் கட்டுனேன். வளந்து சன்னல் வரைக்கும் வந்துருச்சு. நீங்க ஒருநாகூட நிமிந்து பாக்கல."

"எங்கிட்டச் சொல்லலையே நீ?"

"எப்படிச் சொல்ல? எனக்காக நீங்க நம்பிக்கிட்டு இருக்கீங்கன்னு நெனச்சேன். நான் போயி அதக் கெடுக்கவா?"

"ஒனக்காகத்தான..." என்று தொடங்கியவனால் முடிக்க இயலவில்லை. பின்னிருக்கையைப் பார்த்தான். காலியாக இருந்தால் கண்ணை உறுத்துகிறதென்று, டிக்கியில் இடமிருந்தும், மாதிரிப் பைகளை அங்கே அடுக்கியவன் அவன். ஒவ்வொரு முறை புறப்படும்போதும் திரும்பிப் பார்த்தவன் அவன். காத்திருந்தது அவளில்லை.

கதவைத் திறந்து இறங்கினான். சாலையோரமாகக் கொஞ்சதூரம் விரைந்து நடந்தான், எங்கே போகிறோம் என்று தெரியாமல் திரும்பினான், மறுபடி நடந்தான். அவள் தன்னை விட்டுவிட்டுத் தனியே கரையேறிவிட்டாள் என்று ஒருகணம் ஆத்திரம் மூண்டது. இரண்டு ஆண்டுகள், ஒரே வீட்டில், ஒரே கூடத்தில், ஒருத்தி துக்கத்தை முடித்துச் செடிக்கு நீர் ஊற்றியிருக்கிறாள். ஒருவன் அதன்கீழே உண்டு எழுந்து, அதைத் துக்கமென்றே நம்பியிருக்கிறான். கடந்துபோன பேருந்திலிருந்து எவனோ எட்டிப் பார்த்தான். யோகராஜ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். துடைக்கத் துடைக்க ஈரம் நிற்கவில்லை.

சூர்யகலா இறங்கி வரவில்லை, கூப்பிடவுமில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு அவனையே பார்த்தபடி இருந்தாள். மருத்துவமனை வராந்தாக்களில் அவனுக்காகக் காத்திருந்த அதே முகம். ஆனால் அதில் இப்போது கேள்வி இல்லை.

திரும்பி வந்தவன் அவள் பக்கத்து சன்னலருகே நின்றான். ஈரமான துண்டைக் கைமேல் போட்டு உள்ளே நீட்டினான்.

"மறுபடியுமா?" என்றாள்.

"ஒருக்க பிடி."

"ஆழங்கீழம்னு ஏதாச்சும் சொன்னீங்க, கடிச்சு வச்சிருவேன்."

"பிடி கலா."

இரண்டு விரலைப் பிடித்தாள்.

அவன் மறுபிடி பிடிக்கவில்லை. இனி அவன் செய்யவேண்டியது ஒன்றுதான்: கையை உருவிக்கொள்வது. எடுத்தால் முடிந்தது. ஆயிரம் முறை, ஆயிரம் பேரிடம், இமைப்பொழுதில் எடுத்த கை அது. இப்போது துண்டுக்குள் கனத்துக் கிடந்தது. உமையைத் தன் உடம்பின் பாதியாக்கிக்கொண்ட இறைவனை மலைக்கோயிலில் எத்தனை நாள் கண்மூடி வேண்டியிருக்கிறான். அவரிடமும் மூன்றாவதாக ஓர் உயிரைத்தான் வேண்டினான். அவள் அவசரப்படுத்தவில்லை. விரல்களை இறுக்கவுமில்லை, தளர்த்தவுமில்லை. ஒரு மாட்டுவண்டி மணியோசையோடு ஏறி வந்து, அவர்களைக் கடந்து, வளைவில் மறைந்தது.

யோகராஜ் கையை எடுத்தான்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மதுரைக் கடைக்குப் போன் செய்தான். "தம்பி, வெள்ளைய அடிச்சு விட்டுருங்க. நீலம். ஆமாப்பா, ரெண்டு கதவு. தெரிஞ்சுதான் சொல்றேன்."

மறுமுனையில் இளைஞன் இழுத்தான். "சார், அதக் காரைக்குடியிலருந்து ஒருத்தரு வந்து ஓட்டிப் பாத்துக்கிட்டு இருக்காரு. போன்ல சொல்றதையெல்லாம் வச்சு நிறுத்த முடியாது சார். நேருல வந்தீங்கன்னா பேசலாம்."

"எம்புட்டு நேரம் இருப்பாரு?"

"டீ சொல்லியிருக்கேன் சார்."

சூர்யகலா அதற்குள் இருக்கைப்பட்டையை மாட்டியிருந்தாள். "நின்னுக்கிட்டே இருந்தா? வெரசாத் திருப்புங்க. ஆறிப்போன டீயவா குடிப்பாரு அவரு?"

வண்டி புளியமரத்தடியில் அரைவட்டமடித்து மதுரைப் பக்கம் திரும்பியது. இறக்கத்தில் மிதித்தான். முதல் வளைவில் பைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. இரண்டாவதில் ஒன்று வாய்பிரிந்து, பச்சைக் காய்கள் தரையெல்லாம் கலகலவென்று உருண்டோடின. மணம் எழுந்து வண்டியை நிறைத்தது.

"சிந்திருச்சுங்க."

"சிந்தட்டும்."

"மாதிரிக் காயி. நாளைக்கு யாவாரத்துக்கு என்னத்தக் காட்டுவீங்க?"

"பொறக்கிக்கிருவோம்."

அவன் கண்கள் சாலையிலேயே இருந்தன. எதிரே உசிலம்பட்டிப் பக்கத்து வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அந்த மனிதர் டீயைக் குடித்து முடித்திருப்பாரோ, சாவியை வாங்கியிருப்பாரோ என்ற பதற்றம் அவன் பாதத்தில் இறங்கி வண்டியை விரட்டியது. முதல் துளிகள் கண்ணாடியில் தெறித்தன.

"வைப்பரப் போடுங்க" என்றாள் சூர்யகலா.

போட்டான்.